நாய்க்காரன் பூனை பார்த்த 13 நாள்

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் அக்கா உம்ராவுக்கு, அதாவது மக்கா யாத்திரைக்கு, கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, பூனைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பெண்ணுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. அக்கா எங்கள் வீட்டுக்குப் பழைய பழக்கம். என் அம்மாவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே கடையில் தையல் வேலை பார்த்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரர் பாய், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பூர்வீகம் கடையநல்லூர். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். "ரெண்டே ரெண்டு பூனைதான் தம்பி, நீதான் பிராணின்னா உசுரா இருப்பியே" என்றார். எனக்கும் அப்படித்தான் நினைப்பு. நாலு கால், ஒரு வால், காலையில் சோறு, ராத்திரி சோறு. இதில் என்ன இருக்கிறது என்று தலையாட்டினேன்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் இருப்பவன் மணி. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் என்று அறிவித்து, தெருநாய்களைப் பிடிக்கத் தொடங்கினார்களே, அந்த வாரம் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், ஒளிந்துகொண்டிருந்த குட்டி அவன். ஊசி போட்டு, உரிமம் எடுத்து, கழுத்தில் வில்லை மாட்டி வைத்துக்கொண்டோம். மணிக்கு உடம்பு சரியில்லை என்றால் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கேட் சத்தத்துக்கு ஓடி வரவில்லையென்றால் ஏதோ கோளாறு. இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டியவன் நான்.

முதல் பிரச்சினை துணி. மணியின் எச்சில் படாத கால்சட்டை என்னிடம் கிடையாது. அக்கா வீடு ஐந்து வேளை தொழுகை நடக்கிற வீடு. இங்கே முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டப் பிரிவில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததனாலேயே நான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் குளித்து, மூடி வைத்த பையிலிருந்து துணி எடுத்துப் போட்டுக்கொண்டு, மணியைத் தொடாமலே மோட்டாரில் ஏறிவிடுவேன். தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அவன் கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். பாவமாக இருக்கும். ஆனால் இதனால் வேறொரு லாபமும் வந்தது: நாய் வாடையோடு போயிருந்தால் அந்தப் பூனைகள் 13 நாளும் வெளியிலேயே வந்திருக்காது. நாய் வளர்ப்பவர் யாரும் பூனை வீட்டுக்குப் போவதாக இருந்தால், சமயக் காரணம் இருக்கிறதோ இல்லையோ, துணியை மாற்றிக்கொண்டு போவது நல்லது.

ஒன்பதாம் மாடி. ஐஸ்பெட்டிக் கதவில் பள்ளிக்கூட நோட்டுத் தாள் ஒன்றைக் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தார் அக்கா. "மீன் பொட்டலம் காலையில ஒன்னு. ராத்திரி பிஸ்கட். தண்ணி மூணு இடத்துல. கிரில் கதவைத் திறக்கறப்ப காலால மறிச்சுக்க, ஓயென் ஓடிருவான். மணல் அள்ளறப்ப எத்தனை உருண்டைன்னு எண்ணி எழுது." கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு. பக்கத்தில் பென்சில் வேறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். மணல் தட்டில் பூனை போகிற மூத்திரத்துக்குக் கணக்குப் புத்தகமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பூனை பார்ப்பது என்றால் பூனையைப் பார்ப்பது என்று நினைத்துப் போனேன். முதல் மூன்று நாள் ஒரு பூனையையும் பார்க்கவில்லை. நாய்க்குச் செய்வதையெல்லாம் செய்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தொடையைத் தட்டினேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து நேருக்கு நேர் பார்த்துக் கையை நீட்டினேன். அங்கிருந்து நாலு பச்சைக் கண்கள் என்னைப் பார்த்தன, அவ்வளவுதான். இரண்டாம் நாள் பாசம் பொங்கிப் பால் வாங்கிக்கொண்டு போனேன். பூனைக்குப் பால் என்பது நமக்குப் பாட்டி காலத்துப் பாடம் அல்லவா? மறுநாள் காலை கிண்ணம் காலி, மணல் தட்டு நாற்றம் தாங்கவில்லை. வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது என்பதை வயிற்றுப்போக்கை அள்ளிக்கொண்டே தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் ஒன்றும் செய்யாமல் விட்டேன். செய்ய எதுவும் தோன்றாததுதான் காரணம். வேலை முடிந்த களைப்பில் தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் ஓயென் வந்தான். ஆரஞ்சு நிறம், ஆறு கிலோ இருப்பான், தலை மட்டும் தேங்காய் அளவு. இந்த நாட்டில் ஆரஞ்சுப் பூனை என்றாலே ஓயென்தான், போக்கிரித்தனம் பெயரோடு சேர்ந்தே வரும். என் முதுகுப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினான். முழங்காலில் கன்னத்தைத் தேய்த்தான். பிறகு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான்.

மணி வயிற்றைக் காட்டினால் சொறிந்துவிடச் சொல்கிறான் என்று பொருள். நானும் சொறிந்தேன். நாலு காலும் என் கையைக் கவ்வியது, பின்னங்கால் நகம் இரண்டு கோடு போட்டது. பூனை வயிற்றைக் காட்டுவது 'உன்னை நம்புகிறேன்' என்பதற்கு, 'தொடு' என்பதற்கு அல்ல. வாலும் அப்படித்தான். வால் அடித்துக்கொண்டால் நாய்க்குக் கொண்டாட்டம், பூனைக்கு எரிச்சல். அதே வால் செங்குத்தாக நின்று நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தால்தான் அதற்கு நல்ல மனநிலை. கையைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். கீறலோடு தப்பித்தேன். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், வெளியில் ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால், கடித்திருந்தால் கிளினிக் போயிருக்க வேண்டியதுதான்.

வெள்ளைப் பூனையின் பெயர் பூத்தே. அவள் இன்னும் அழுத்தக்காரி. ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடுவாள், மெதுவாகத் திறப்பாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாம்தான் விவரம் தெரியாதவர்கள். 2020-இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பூனையைப் பார்த்து மெதுவாகக் கண் மூடித் திறந்தால் பூனையும் அப்படியே பதில் சொல்கிறது. முன்பின் தெரியாத ஆள் செய்தாலும், அவர் நீட்டும் கையை நோக்கி வர அதற்குத் தயக்கம் குறைகிறது. நாயிடம் கண்ணோடு கண் பார்த்துப் பழகியவனுக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது, ஒன்பதாம் மாடியில் யாரும் பார்க்கவில்லை என்பதால் செய்தேன். பலித்தது. பூத்தே கீழே இறங்கி வந்தபோதுதான் அவள் வாலைக் கவனித்தேன். முக்கால்வாசியில் முறிந்து, கொக்கிபோல் மடிந்திருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. காலையில் கிரில் கதவை அவசரமாகச் சாத்தினோமே, அதில் மாட்டிக்கொண்டதோ? படம் எடுத்து, மதீனாவில் இருந்த அக்காவுக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு சிரிப்பொலிதான் வந்தது. "அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான் லா!" நம் பக்கத்துப் பூனைகளுக்கு இது பிறவிக் குணம். மலாய்த் தீவுக் கூட்டத்துப் பூனைகளுக்குப் பாதி வால்தான், நுனியில் முடிச்சும் இருக்கும் என்று டார்வினே 1868-இல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது 44 வயதில்தான் தெரிய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆறாம் நாள் நான் செய்யப் பார்த்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. முந்தின நாள் ஓயென் கழுத்து முடிக்குள் ஒரு தெள்ளுப்பூச்சி ஓடியதைப் பார்த்தேன். மணிக்கு உண்ணிக்காகப் பிடரியில் ஊற்றும் சொட்டு மருந்து வீட்டில் இருந்தது. மறுநாள் ஒரு குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மணி 20 கிலோ, இவன் ஆறு கிலோ, கால்வாசி ஊற்றினால் கணக்குச் சரி. மூடியைத் திருகும்போது உறையில் ஒரு சிறிய படம் கண்ணில் பட்டது. பூனைத் தலை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. மருந்தின் பெயர் பெர்மெத்ரின். நாய் உடம்பு சிதைத்து வெளியேற்றிவிடுகிற அதைப் பூனையின் ஈரலால் சிதைக்க முடியாது. நடுக்கம் கண்டு, இழுப்பு வந்து, செத்தும் போகும். இதில் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாம் தலைவலிக்குப் போடுகிற பாராசிட்டமோலும் அப்படித்தான், ஒரே மாத்திரை ஒரு பூனைக்கு எமன். சாமி மேடைக்கும் சீனப் பெருநாளுக்கும் வாங்குகிற லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நாய் வளர்த்த அனுபவம் பூனை வீட்டில் ஆபத்தாக மாறுவது இங்கேதான். ஒன்றும் தெரியாதவன் மருந்தைத் தொட்டிருக்கவே மாட்டான்.

சோற்று விஷயத்திலும் சுருக்கமாக ஒன்று: பிஸ்கட் தீர்ந்தால் மணியின் பிஸ்கட்டில் கொஞ்சம் கொண்டுவரலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஒரு வேளை தின்றால் ஒன்றும் ஆகாது, பழக்கமாகத்தான் ஆகக்கூடாது. பூனைக்கு டோரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதிய அளவு தயாரிக்கத் தெரியாது, இறைச்சி மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும் என்று 1975-இலும், இதயம் வீங்கிப் பழுதாகும் என்று 1987-இலும் கண்டுபிடித்தார்கள். அக்கா அவித்து முள்ளெடுத்து வைத்திருந்த கெம்போங் மீன் பொட்டலங்களுக்கு அர்த்தம் இருந்தது.

எட்டாம் நாளுக்கு வருகிறேன்.

தாளில் என் கணக்கு இப்படி இருந்தது: 6, 5, 7, 6, 6, 5, 6. இரண்டு பூனைக்கு ஒரு நாள் உருண்டை. கட்டியாகிற மணலில் சிறுநீர் பட்ட இடம் உருண்டையாகத் திரளும், சாதாரணமாக ஒரு சின்ன எலுமிச்சை அளவு. எட்டாம் நாள் காலையில் மூன்று. வெயில், தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கும் என்று எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து சல்லடைக் கரண்டியால் அள்ளினால் உருப்படியாக ஒன்று. மற்றதெல்லாம் புளியங்கொட்டை அளவில் துணுக்குத் துணுக்காக, தட்டு முழுக்க ஏழெட்டு. ஓயென் என் கண்முன்னே தட்டில் ஏறிக் குந்தினான். முக்கினான். இறங்கி நக்கிக்கொண்டான். மறுபடி ஏறினான். பிறகு குளியலறைத் தரையில் போய்க் குந்தினான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம், மியாவ் இல்லை, கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி.

எனக்குப் பட்டது மலச்சிக்கல். ஏன் தெரியுமா? ஆண் நாய் சிறுநீருக்குக் காலைத் தூக்கும், குந்தி முக்கினால் அது மலத்துக்குத்தான். பத்து வருடப் பழக்கம் கண்ணை எப்படி மறைக்கிறது பாருங்கள். பூசணிக்காய் அவித்துக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று தாளையும் தட்டையும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இங்கே இரவு எட்டு, மக்காவில் பிற்பகல் மூன்று. தொழுகை நேரம், ஒரு மணி நேரம் பதில் இல்லை. வந்தபோது எழுத்தாக வரவில்லை, குரலாக வந்தது, பின்னால் ஆயிரம் பேர் நடக்கும் சத்தத்தோடு. "தம்பி, அது வெளிக்கி இல்ல, மூத்திரம்! அடைச்சிருச்சு. காலையில பாக்கலாம்னு இருந்துறாத. முந்தி வச்சிருந்த பூனை இப்படித்தான் ஒரே ராத்திரியில போச்சு."

தாளில் அந்த இரண்டு கோடு ஏன் என்று அப்போது புரிந்தது.

பூனையைத் தூக்கிப்போகிற கூண்டு, அலமாரி உச்சியில் இருந்தது. அதை இறக்கின சத்தத்திலேயே பூத்தே காணாமல் போனாள், ஓயென் கட்டிலுக்கடியில் சுவரோரம். மணியிடம் சங்கிலியைக் காட்டினால் போதும், தானே காரில் ஏறுவான். இங்கே அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் மச்சான் காரோடு வந்து சொன்ன வழிதான் உதவியது. கூண்டை வாய் மேலே பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வைப்பது, பூனையைத் துண்டால் முழுசாகச் சுற்றுவது, பின்பக்கத்தை முதலில் இறக்குவது. தலை முதலில் போனால் நாலு காலையும் விரித்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் போன் செய்த கிளினிக்கில் "பூனை சரியாக ஒன்றுக்குப் போகவில்லை" என்றேன், காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் மாற்றிச் சொன்னேன்: "ஆண் பூனை. காலையிலிருந்து குந்துகிறது, சிறுநீர் வரவில்லை." உடனே கொண்டுவரச் சொன்னார்கள். எந்த வார்த்தையில் சொல்கிறோம் என்பதில் ஒரு ராத்திரி அடங்கியிருக்கிறது.

டாக்டர் இளம் சீனப் பெண். ஓயென் வயிற்றில் கைவைத்தவர் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே ஆரஞ்சுப் பழம் ஒன்று இருப்பதுபோல் கெட்டியாக இருந்தது, மூத்திரப்பை. அந்த நிலையிலும் ஓயென் குர்குர் என்று முனகிக்கொண்டிருந்தான். "சந்தோஷமாகத்தான் இருக்கிறான் போல" என்று நான் சொல்ல, "வலிக்கும்போதும் இப்படிச் செய்யும்" என்றார். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகல். படிகத் துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கழிவு ரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பை நிறுத்திவிடும், இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் போதும். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே இருந்து, குண்டாகி, உலர்ந்த பிஸ்கட் தின்கிற ஆண் பூனைக்குத்தான் அதிகம் வருமாம். ஓயெனின் சாதகத்தைப் படித்ததுபோல் இருந்தது.

மயக்க மருந்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். "நீங்கள் உரிமையாளரா?" இல்லை. முன்பணம் 500 வெள்ளி (ரிங்கிட்). யார் பூனைக்கு, யார் காசில், யார் முடிவெடுப்பது? அக்காவின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த நேரம் அவர் விமானத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

குழாய் போட்டு இரண்டு இரவு வைத்திருந்தார்கள். மொத்தம் 900 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டைத் திறந்தால், இரண்டு நாளாக அவனைத் தேடிக் கத்திக்கொண்டிருந்த பூத்தே, முதுகு மயிர் சிலிர்க்கச் சீறி, அறைந்தாள். கூடப் பிறந்தவனையே தெரியவில்லை. அவனிடம் வந்தது மருத்துவமனை வாடை, பூனைக்கு முகத்தைவிட வாடைதான் அடையாளம். ஓர் இரவு வேறு வேறு அறையில் வைத்து, ஒரே துண்டால் இவன் கன்னத்தையும் அவள் கன்னத்தையும் மாறி மாறித் துடைத்தேன். மறுநாள் சாயங்காலம் ஒரே தட்டில் மீன் தின்றார்கள்.

அந்த மீனில் இப்போது தண்ணீர் மிதந்தது, கஞ்சிபோல. பாலைவனத்துக் காட்டுப்பூனை வழி வந்தவை என்பதால் இவற்றுக்குத் தாகம் குறைவு, தானாகப் போய் நிறையக் குடிக்காது, சாப்பாட்டோடு உள்ளே அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். எதிர்வீட்டு ஆன்டி ஒருவர், மூன்று நாள் சோற்றை மொத்தமாகப் போட்டுவிட்டுப் போனால் பூனை தானே பார்த்துக்கொள்ளுமே, எதற்குத் தினம் இரண்டு தடவை வருகிறாய் என்று கேட்டிருந்தார். முதல் வாரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோறு இருந்தும் தின்னாமல் விட்டால் யார் பார்ப்பது? குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைந்து, அதுவே தனி வியாதியாகிவிடும்.

அக்கா பேரீச்சம்பழத்தோடும் ஜம்ஜம் தண்ணீரோடும் திரும்பி வந்தார். பெட்டியைத் திறக்கும் முன்னே ஐஸ்பெட்டித் தாளைப் படித்தார், 13 நாள் கணக்கையும். கிளினிக் பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார், நான் வேண்டாம் என்றதும் சத்தம் போட்டார், வாங்கிக்கொண்டேன். டிசம்பரில் கடையநல்லூருக்கு ஒரு கல்யாணம் இருக்கிறதாம், மூன்று வாரம். "நீதானே வருவ?"

வருகிறேன் என்றேன், மூன்று விஷயம் கேட்டுக்கொண்டு. உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம், நான் மருத்துவத்துக்குச் சம்மதம் சொல்லலாம் என்று, எவ்வளவு செலவு வரை என்றும். ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் நம்பர் அதே தாளில். மூன்றாவது, கூண்டை அலமாரி மேல் திரும்ப ஏற்றாதீர்கள். கதவைக் கழற்றி, பழைய துண்டை விரித்து, இன்றைக்கே ஹாலில் வையுங்கள், டிசம்பருக்குள் பழகட்டும்.

"அது வீட்டை அடைச்சுக்கிட்டு நிக்குமே தம்பி" என்று முணுமுணுத்தார். போன வாரம் ஒரு படம் வாட்சாப்பில் வந்தது. கூண்டுக்குள் பூத்தே, கொக்கி வால் மட்டும் வெளியே. கூண்டுக்கு மேல் ஓயென், அமுங்கிப்போன கூரையோடு.